பேபியின் இருபத்தெட்டு எம்.எம்.

தூரத்தைக் கிட்டே காட்டும் சங்கத்தின் நானூறு எம்.எம். லென்ஸுக்கு முறை எழுதும் நோட்டில் தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள் பேபி.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியல் காலேஜ் மாடியில், ஞாயிறு மாலைகளில் கூடும் காமிரா சங்கம் அது. ஏழு ஆண்கள், பேபி. அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பெயரைக் கேட்டவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பேசுவது வழக்கம். சங்கத்தில் இன்னும் தற்காலிக உறுப்பினர்தான். பிப்ரவரிக் கண்காட்சியின் இயற்கைப் பிரிவுக்கு ஒரு படமாவது தேர்வானால் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்குத்தான் சங்கத்து இருட்டறைச் சாவி. அந்தச் சாவிக்காக ஒரு வருஷமாக எல்லோருக்கும் டீ வாங்கி வந்திருக்கிறாள்.

அது தொண்ணூற்றொன்று ஜனவரி. வேடந்தாங்கலுக்கு வேன் பேசியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பை, இரண்டு லென்ஸ்.

"உங்களுக்கு மூணாவது முறை போட்டிருக்கேம்மா," என்றார் செயலாளர் யக்ஞநாராயணன். "கால் மணி நேரம். நல்ல வெளிச்சம் இருக்கும்."

"வேணாம் சார். நான் இருபத்தெட்டு எடுத்துட்டு வரேன். கூட நூத்தி முப்பத்தஞ்சு."

ரவி சிரித்தான். சங்கத்தில் அவன்தான் இளையவன். "அக்கா, இருபத்தெட்டுல நாரை கொசு மாதிரி தெரியும்."

"கொசு கிட்ட போனா நாரையாயிடும்."

"தண்ணில எறங்குவீங்களா?"

"எறங்குவேன்."

போன வருஷக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சங்கத்தில் சேர்ந்தாள். ஒரே லென்ஸ், ஒரே முக்காலி, கால் மணிக்கொரு ஆள். சுவரில் ஒரே கிளை, ஒரே நாரை, கீழே ஏழு பெயர். எட்டாவது பெயராக அவள் வரத் தயாரில்லை.

"உங்க இஷ்டம்," என்றார் யக்ஞநாராயணன். "ஆனா இயற்கைப் பிரிவுல மனுஷ அடையாளம் வரக்கூடாது. வேலி, கம்பம், கை, கால், எதுவும். ஞாபகம் வெச்சுக்கோங்க."

வேடந்தாங்கலில் ஏழு பேரும் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி முக்காலிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். பேபி ஏரிக்கரையோடு நடந்து மதகு தாண்டி வயல் பக்கம் இறங்கினாள். நாலைந்து பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே கொக்குகள் பூச்சி பொறுக்கின. பேபி வரப்பில் கால் வைத்ததும் எழும்பிப் போய்த் தூரத்தில் உட்கார்ந்தன.

ஓரத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "நிக்கிறவள கண்டா ஓடும். குனிஞ்சவள கண்டா அது ஏன் ஓடுது? குனிமா."

அவள் பெயர் கன்னியம்மா. பேபி காமிராவை முதுகுப் பக்கம் தள்ளி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு நாற்றுமுடியை வாங்கிக்கொண்டாள். அரை மணி நேரம் நட்டாள்.

"உன் வரிசை பல்லு வுழுந்த வாய் மாதிரி கீது," என்றாள் கன்னியம்மா.

"நான் எக்ஸ்ரே எடுக்கறவ."

"அப்ப சரி."

கொக்குகள் திரும்பி வந்தன. ஒன்று கன்னியம்மாவின் கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பேபி காமிராவை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். கன்னியம்மாவின் நடுவிரல் முனைக்குக் குறி வைத்தாள். பல வருஷங்களாகத் தினமும் சொல்லும் சொல் தானாக வாயில் வந்தது.

"மூச்ச இழுத்துப் புடிங்க."

கன்னியம்மா பிடித்தாள். கை சேற்றில் அப்படியே நின்றது. கொக்கு கழுத்தை வளைத்துக் கையைப் பார்த்தது. பேபி நாலு முறை அழுத்தினாள்.

"வுடலாமா?" என்று அடித்தொண்டையில் கேட்டாள் கன்னியம்மா.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. மேஜைமேல் ஏழு நாரைகள் கிடந்தன. ரவியுடையது மட்டும் கொஞ்சம் ஆடியிருந்தது. பேபி தன் படத்தை வைத்தாள். கீழே கன்னியம்மாவின் கை, அதில் நாற்று. கைக்கு எதிரே கொக்கு. பின்னால் வயல், கரை, கரைக்குமேல் பொட்டுப் பொட்டாக நூற்றுக்கணக்கான பறவைகள்.

யக்ஞநாராயணன் ஒரு வெள்ளைத்தாளால் கையை மறைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ வெட்டிட்டா கொக்கு மட்டும் நிக்கும். முதல் பரிசே தரலாம்மா."

பேபி தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். "அந்தக் கை இருக்கிறதாலதான் சார் அது அங்க நிக்குது."

"விதின்னு ஒண்ணு இருக்கே."

"அந்த ஏரி யாரோ வெட்டினதுதான சார்? அப்ப உங்க ஏழு படத்துலயும் கை இருக்கு."

"அது தெரியாதும்மா படத்துல."

"எனக்குத் தெரியுது."

அவர் கோபப்படவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டினார். "இது வேணாமா?"

பேபி அதைப் பார்த்தாள். சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்த இருட்டறையில் என்ன எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம்.

"வேணாம் சார்."

படத்தை எக்ஸ்ரே உறைக்குள் நுழைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் திரும்பி, "இன்னைக்கு ரவி டீ வாங்கட்டும்," என்றாள்.

அடுத்த ஜனவரியில் தனியாகப் பஸ் ஏறினாள். மதகுக்குக் கீழே அதே வயல். கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெயிலுக்குத் திருப்பினாள். தலைகீழாகவும் பார்த்தாள்.

"இன்னாமா இது, என் மூஞ்சியவே காணோம்?"

"கைதான் வந்திருக்கு."

"இதுக்கா என்ன மூச்சு புடிக்க வெச்ச? மூஞ்சியோட ஒண்ணு எடு."

பையில் நூற்று முப்பத்தைந்து இருந்தது. பத்தடி தள்ளி நின்றே முகத்தை எடுத்துவிடலாம். பேபி இருபத்தெட்டைக் கழற்றவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு கிட்டே போனாள்.