தகரப் பட்டை போட்ட அண்டர் கவர்

"அண்ணே, அண்டர் கவர் உடைஞ்சிருச்சு. மாத்தணுமா, சும்மா விட்டுரலாமா?" என்று புதிதாக ஒர்க் ஷாப் வைத்த பையன்கள் இப்போதும் எனக்கு போன் செய்து கேட்பார்கள். இஞ்சினுக்கு அடியில் போல்ட்டும் கிளிப்பும் போட்டு மாட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுதான் அண்டர் கவர். எனக்கு உடனே சிக்கந்தர் பாய் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருதுநகரில் ஒரு ஒர்க் ஷாப்பில் சீனியர் மெக்கானிக்காக இருந்தேன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டை சப்ளை செய்கிற சிக்கந்தர் பாய் ஒருநாள் காரோடு வந்தார். பின் சீட்டில் அவர் மனைவி ரஹ்மத். வண்டியை லிப்ட்டில் ஏற்றிப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அண்டர் கவர் பாதி கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தை, காலண்டருக்கு மேலே அடிப்பார்களே, அந்தத் தகரப் பட்டையை மடித்து போல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"சிவகாசியில நம்ம மச்சான் பிரஸ்ஸுல செஞ்சு குடுத்தான். எப்படி?" என்றார் பாய், பெருமையாக.

"இதைக் கழட்டிருவோம் பாய். புதுசு ஆர்டர் போடுறேன்."

"கண்ணுல படாத எடத்துக்கு எதுக்குய்யா புதுச்சட்டை?"

ரஹ்மத் அக்கா விடவில்லை. "தம்பி, கடகடன்னு ஒரே சத்தம். கல்யாண வீட்டு வாசல்ல போயி நின்னா, ஐஸ்காரன் வந்துட்டான்னு பிள்ளைக ஓடி வருதுக."

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தம் கவர்ல இல்ல, ரோட்டுல. நாளைக்கு எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு சேம்பிள் அட்டை கொண்டு போறேன். எங்கூட வந்து காதால கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்றார். டெஸ்ட் டிரைவ் என்று நானும் சம்மதித்தேன்.

கம்பெனி வாசலில்

தீபாவளி சீசன். வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ஆமத்தூர் வரை பாய்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். கடகட சத்தமே இல்லை. ஆமத்தூரைத் தாண்டி, கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடையில் வண்டி இறங்கியது. 'டக்' என்று கேட்டது. அதன்பிறகு அடியில் கிறீச் கிறீச் என்று ஏதோ இழுபட ஆரம்பித்தது.

"பாய், நிப்பாட்டுங்க. பார்த்துருவோம்."

"கம்பெனி வந்துருச்சுய்யா. அங்கன போயி பார்ப்போம்."

முன்னால் கம்பெனி வேனிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா எங்கள் வண்டியைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! அடியில பொறி பறக்குது!"

பாய் மிதித்த பிரேக்கில் என் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. இறங்கிக் குனிந்தேன். பட்டை ஒரு பக்கம் அறுந்து, போல்ட்டோடு ரோட்டில் உரசியிருக்கிறது. கேட் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் வெடிமருந்து.

அந்த அம்மாதான் முதலில் ஆரம்பித்தார். அவர் பெயர் மாரியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"ஏன் பாய், நாங்க கொலுசு, கொண்டை ஊசி எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு உள்ள போறோம். நீக தகரத்த இழுத்துக்கிட்டு மத்தாப்பு விட்டுக்கிட்டு வாரீக! தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?"

வேனே சிரித்தது. பாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்துப்போய், "தெரியாமப் போச்சு தாயி" என்றார். கீழே கிடந்த தூக்குவாளியை அவரே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நான் அடியில் படுத்துப் பட்டையை வெட்டி, கவரை முழுசாகக் கழற்றி எடுத்தேன். பாய் வண்டியை ஒரு அடிகூட முன்னால் விடவில்லை. சேம்பிள் அட்டைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கேட் வரை நடந்தே போனார்.

புதுக் கவர் மதுரையிலிருந்து வரும்வரை அண்டர் கவர் இல்லாமலேயே வண்டி ஓடியது. கவர் இல்லாவிட்டால் வண்டி ஓடாதா என்ன? ஓடும். ஆனால் ஐப்பசி மழையில் குட்டைத் தண்ணீர் மேலே அடித்து, பெல்ட் நனைந்து, ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. இஞ்சின் முழுக்கச் சேறு. புதுசு வந்ததும், "எல்லா கிளிப்பையும் போடுங்க, ஒண்ணு விடாதீக" என்று பாயே பக்கத்தில் நின்று பார்த்தார்.

கவர் லேசாக விரிசல் விட்டு, கிளிப்பெல்லாம் உறுதியாக இருந்தால் அவசரமில்லை. ஆடினால் சரியாக மாட்டு, இல்லையென்றால் முழுசாகக் கழற்றிவிட்டுப் புதுசுக்குச் சொல்லு. அரைகுறையாகத் தொங்கவிட்டு மட்டும் அனுப்பாதே. இதைத்தான் பையன்களுக்குச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்த ஒர்க் ஷாப்பிலும் வேலை பார்த்தவர் இல்லை, நடுரோட்டில் கை விரித்து நின்றவர்.

"கவர் கெடக்கட்டும்லே. வண்டி எங்கன போயிட்டு வருது? அதை மொதல்ல கேளு."