ஞாயிற்றுக்கிழமைத் தையல்

மாடிப்படியில் கால் வைக்கும் முன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தால் உருவி, சுருட்டி, கைப்பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே தள்ளிவிடுவாள். அதன் பிறகும் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனி இருக்கிறது. அதை எங்கே ஒளிப்பது? கையை மூடிக்கொண்டே மேலே ஏறுவாள்.

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்றுதான் பேர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடை, பேன்ட்டுக்கு அடிமடிப்பு, அறுந்த ஜிப், தலையணை உறை என்று எதையும் தட்டாமல் வாங்கிக்கொள்வாள். வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே பேசுவதால், பழகியவர்களுக்கு மட்டும்தான் அவள் பேச்சு புரியும். "வெள்ளிக்கிழமை வாங்க" என்பாள். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்ல மாட்டாள்.

தையல் மெஷின் விற்கும் கடையின் மாடியில், ஞாயிறுதோறும் குவில்ட் வகுப்பு நடக்கிறது. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கொடி கொடியாக மெஷினில் ஓட்டினால் அதுதான் குவில்ட். வருகிறவர்கள் எல்லாம் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள். "இதுக்கு முன்னாடி மெஷின்ல உட்கார்ந்திருக்கீங்களா?" என்று சொல்லிக்கொடுக்கும் அம்மா முதல் நாள் கேட்டபோது, "கொஞ்சம்" என்று சொல்லிவைத்தாள். அந்தக் கொஞ்சம்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியது.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வகுப்பிலேயே மோசமாகத் தைப்பவள் அவள்தான். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் துணியைக் கவ்வி நகர்த்தும். கை வழிகாட்டினால் போதும். கொடி ஓட்டும்போது அந்தப் பல்லை இறக்கிவிடுவார்கள். துணியைத் தைப்பவரேதான் நகர்த்த வேண்டும். மற்றவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அவளுடைய கையோ மெஷின் இழுக்கும் என்று காத்திருக்கும். காலோ சீருடை தைக்கும் வேகத்தில் மிதிக்கும். ஊசி ஒரே இடத்தில் நின்று குத்தும், அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும். ஓய்வுபெற்ற தபால்காரர் பக்கத்து மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, மெஷின் கடிக்காது. பழகப் பழக வந்துரும்" என்பார். "சரிங்கய்யா" என்று தலையைக் குனிந்துகொள்வாள்.

வீட்டில் ஒருமுறை பேச்செடுத்துப் பார்த்தாள். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஊருக்கே தைக்கிறவ தைக்கக் கத்துக்கப் போறாளா? வெளிய சொல்லித் தொலைக்காத, இருக்கிற நாலு ஆர்டரும் போயிரும்." அதிலிருந்து ஞாயிறானால் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். அக்கா போனில், "என்னடி, இந்த வாரமும் என் வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டியா? நல்லாச் சாப்பிட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இவ்வளவுக்கும் ஏன் போகிறாள்? அது யாருடைய ஆர்டரும் இல்லை. யாருக்கும் இறுக்காது, யாருக்கும் தொளதொளக்காது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அவளே பார்த்துப் பார்த்து வைக்கலாம். ஒரு சதுரம் சரியாக அமைந்துவிட்டால், அதைக் கையால் நீவிக்கொண்டே இருப்பாள்.

அந்த ஆசைதான் அவளைக் கெடுத்தது. நீலத்தில் எலுமிச்சம்பழம் போட்ட துணியும், அளவுக்கு ஒரு பழைய கவுனும் கடைக்கு வந்தன. கொண்டுவந்த மனிதர், குழந்தைக்கு முழுக்கை வைத்துத் தைக்கச் சொன்னார். இத்தனை வருடத்தில் வாடிக்கையாளரின் துணியில் விரலகலம்கூட அவள் எடுத்ததில்லை. மிஞ்சியதை முடிச்சுப் போட்டு உடுப்போடு கொடுத்துவிடுவாள். அன்று கத்திரிக்கோல் கையில் இருக்க, அந்தப் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் குட்டையாக வெட்டினாள். "துணி பத்தலைங்க" என்றாள். அந்த மனிதர், "நீங்க சொன்னாச் சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

போன ஞாயிறு அவளுக்குக் கை வசப்பட்டது. குவில்டின் நடுவில் இருந்த எலுமிச்சைச் சதுரங்களின் மேல், கொடி முதல்முறையாகப் பிசிறில்லாமல் ஓடியது. சொல்லிக்கொடுக்கும் அம்மா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மூலை மெஷினில் இருந்த மருந்துக்கடைக்காரம்மாவும் எழுந்து வந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அன்று மகளையும் அழைத்து வந்திருந்தாள்.

"அம்மா, என் எலுமிச்சம்பழம்!"

குழந்தை போட்டிருந்தது அவள் தைத்த அந்தக் கவுன். அவள் மெஷின் நின்றது.

"அட, ஆமா! எங்கங்க வாங்குனீங்க?" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. "எங்களுக்குத் துணிக்கடைல கடைசித் துண்டுன்னுதான் கொடுத்தாங்க. பத்தலைன்னு டெய்லர் சொல்லிட்டாங்களாம். பாருங்க, எப்பப் பார்த்தாலும் கையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்கா."

"தெரியலைங்க... யாரோ குடுத்தாங்க."

"டெய்லருங்க கதை தெரியாதா?" என்றார் தபால்காரர். "அவங்க வீட்டுத் தலையணை உறையைப் பாருங்க, பூராவும் நம்ம சட்டையா இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க. ரொம்ப நாணயமானவங்கன்னு எங்க வீட்டுக்காரர் அவங்களைத் தேடிப் போய்க் கொடுத்தாரு."

அதற்குப் பிறகு மெஷின் மிதிமேல் அவள் கால் இறங்கவில்லை. எதிரே அந்தப் பிள்ளை குட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டே நின்றது. விட்டவுடன் அது மேலேறிக்கொண்டது.

தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். நடுச்சதுரத்தில் குத்தி, கொடியை ஒவ்வொரு தையலாக அறுக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க? உங்களுக்கு நல்லா வந்ததே இது ஒண்ணுதான்!" என்று சொல்லிக்கொடுக்கும் அம்மா பதறினாள். அவள் நிமிரவில்லை. கடைசி எலுமிச்சைச் சதுரமும் கழன்று வந்தபோது, குவில்டின் நடுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது.

கைப்பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே வைத்தாள். அடியில் கிடந்த டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு குண்டூசிகளை வாயில் கவ்வி, பிள்ளையின் முன் மண்டியிட்டு ஏதோ சொன்னாள். மற்றவர்களுக்கு அது புரியவில்லை.

பிள்ளை கையை நீட்டியது.