பச்சை மஃப்ளர்

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டர், மஃப்ளர் விற்கிறேன். போன மார்கழியில் சுற்றுலா வந்த ஒரு பெண் கொலையானாள். அதற்கு முந்தைய நாள் அவள் என் கடைக்கு வந்த சிசிடிவி காட்சி எப்படியோ இணையத்தில் பரவிவிட்டது. அதில் நான் அவள் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிவிடுகிறேன். முகம் தெரியாத துப்பறிவாளர்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "அந்தக் கையைப் பாருங்க" என்று எழுதினார்கள். போலீஸ் விசாரித்து அனுப்பிய பிறகும் அவர்கள் என்னை விடவில்லை. ஆள் வந்தாலே கைகளை ஸ்வெட்டர் பைக்குள் மறைக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் அவளுடைய அம்மா கடை முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்த வீடியோவுல சத்தமே இல்ல. எம்மக சிரிச்சுக்கிட்டே உங்ககிட்ட என்னமோ சொல்றா. என்ன சொன்னா?"

இணையத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

"ஒரு கையில டீ, ஒரு கையில போன் வச்சிருந்துச்சும்மா. 'நீங்களே சுத்தி விடுங்கண்ணே, அம்மாவுக்கு போட்டோ அனுப்பணும், குளிருக்கு மூடலைன்னா திட்டும்'னு சொல்லுச்சு."

அவர் தன் போனைத் திறந்து நீட்டினார். அதே மஃப்ளர், அதே சிரிப்பு.

"அனுப்புனா தம்பி. நாந்தான் ஏதோ சோலியில பதில் போடாம விட்டுட்டேன்."

போனைக் கைப்பையில் வைத்தார். பிறகு, "அதே மாதிரி எனக்கும் ஒண்ணு சுத்தி விடுங்க" என்றார்.

எதிரே யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் பையிலிருந்து கைகளை எடுத்தேன்.

இன்னமும் என் கையைப் பற்றி எழுதுகிறார்களாம். எழுதட்டும். அவளைப் பெற்றவரே அந்தக் கையை நம்பிக் கழுத்தைக் காட்டினார்.