மீனிங் நோட்டு

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் குழாய் சுற்றுவதில் பாண்டிலட்சுமியை அடிக்க ஆள் கிடையாது. பழைய தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவிப் போடுகிற வேலை. கண் டிவியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரியான என்னோடு பேசும், கை தன் பாட்டுக்கு ஓடும். "பாக்காமலே சுத்துவேன்" என்று பெருமை வேறு. அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

மகள் சினேகா மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அந்த வீட்டுக்குள் வந்த முதல் இங்கிலீஷ் அவளுடையதுதான். சாயங்காலமானால் பழைய தாள் கட்டின் மேல் உட்கார்ந்து மீனிங் நோட்டைச் சத்தமாகப் படிப்பாள். "ரெயின்னா மழை, ரிவர்னா ஆறு, ஹங்கிரின்னா பசி." பாண்டிலட்சுமியும் கூடவே சொல்லுவாள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு வியாழக்கிழமை மாலை நோட்டைக் காணோம். மறுநாள் டெஸ்ட். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எழுதிய வார்த்தை எல்லாம் அதில்தான் இருந்தது.

"எங்கனட்டி போட்ட?"

"நேத்து இங்கனதாம்மா வச்சேன்."

"பொய் சொல்லாத. பள்ளிக்கூடத்துலயே தொலைச்சிட்டு வந்திருக்க."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. சீசன் நேரம், குழாய்ச் சாக்குகளை ஏற்ற வாசலில் கம்பெனி வண்டி நிற்கிறது. அந்த எரிச்சலும் பிள்ளை மேல்தான் இறங்கியது.

கடைசிச் சாக்கைக் கட்டக் குனிந்தவள், ஓரத்தில் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். பழைய நோட்டுகளின் அட்டை குழாய்க்கு ஆகாது என்று உரித்து எறிவாள். மேலே கிடந்ததில் லேபிள் ஒட்டியிருந்தது. மகள் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அன்று காலை அவளோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். என் வாயும் சேர்ந்துதான் அந்த நோட்டைக் கிழித்தது.

"அண்ணே, லோடு ஏத்தாதீக!" என்று வண்டிக்காரர் கோட்டைச்சாமியிடம் ஓடினாள்.

"நாலு சாக்கு ஏத்தியாச்சு. ஒரு நோட்டுக்காக அம்புட்டையும் அவுக்கச் சொல்லுதியா தாயி? கம்பெனில என்னைய வைவாக. அந்தக் கடைசிச் சாக்க வேணா பாத்துக்க."

சாக்கைக் கொட்டி, நீல மை தெரிந்த குழாயை எல்லாம் தண்ணீர் தொட்டுப் பிரித்தோம். ஒன்பது தாள் கிடைத்தது. அதிலும் ரெயின் இருந்தது, மழை பசையோடு போயிருந்தது. மற்ற தாள்களோடு வண்டி கிளம்பிவிட்டது.

சினேகா ஈரத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். கன்னத்தில் விரல் பதிந்த சிவப்பு இன்னும் போகவில்லை. பாண்டிலட்சுமியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு நானே வந்து டீச்சர்ட்ட சொல்லுதேன்ட்டி. அம்மாதான் கிழிச்சேன்னு."

"வேணாம்மா. உன்னைய வைவாக. நானே தொலைச்சிட்டேன்னு சொல்லிக்கிடுதேன்."

பாண்டிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சுற்றுகிறாள். "முன்ன மாதிரி உனக்குக் கை ஓடலையே தாயி" என்கிறார் கோட்டைச்சாமி. அவள் அடுத்த தாளைத் திருப்புகிறாள்.