பார்க்காத கடலைப் பற்றிய பாட்டுகள்

குகட்பள்ளியில் வீடு மாறும்போது தங்கைக்கு ஒரு பழைய கேசட் கிடைத்தது. அதை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மல்காஜ்கிரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், பள்ளி முடிக்கும் வயதில் நான் எழுதி, கிடார் வாசித்து, அவளைப் பாடவைத்த பாட்டுகள் அதில் இருந்தன. பெரிய இசையமைப்பாளராக வருவேன் என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது.

சாப்பிட்டுவிட்டு அம்மா, தங்கை, என் மகள், நான் நான்கு பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

முதல் பாட்டு கடலைப் பற்றியது. கடலே, என் கண்ணீரையும் வாங்கிக்கொள் என்று தொடங்குகிறது. அப்போது நான் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஊர் நடுவில் இருக்கும் ஹுசைன் சாகர் ஏரிதான். அதன் நாற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால்கூட அது உண்மையாக இருந்திருக்கும்.

இரண்டாவது காதல் பாட்டு. நான் பள்ளியில் படித்தது ஆங்கிலமும் தெலுங்கும். தமிழ் எழுத்தை அம்மா பைபிளை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் என் பாட்டில் காதலனுக்கும் பைபிளில் வரும் அதே மரியாதை. 'உம்மைத் தேடினேன், நீர் வாரும்' என்று தங்கை உருகிக்கொண்டிருந்தபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மம்மி, இது காட் சாங்கா, பாய்ஃப்ரெண்ட் சாங்கா?"

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கும்தான். அத்தனை வருடம் கழித்து அப்போதுதான் அது எனக்கே உறைத்தது.

முதல் இரண்டு பாட்டிலும் அழுத பெண் மூன்றாவதில் செத்தே போகிறாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, எல்லாப் பாட்டுலயும் அழுதுக்கிட்டே இருக்காளே, ஒரு வாய் சோறாவது தின்னாளா?"

அந்தச் சாவுப் பாட்டைத்தான் அந்த வருடம் காலனி கிறிஸ்துமஸ் விழாவில் பாடினோம்; விழாவில் பதிவானதும் கேசட்டில் இருந்தது. பாடி முடித்ததும் கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அடுத்து நாடகம். மேய்ப்பர்களுக்குத் தாடி ஒட்டி முடியவில்லை என்று, விழா நடத்திய அங்கிள், "இன்னொண்ணு பாடுங்கம்மா" என்றார். நான் கடல் பாட்டுக்குத் தயாரானேன். தங்கை என்னைப் பார்க்காமலே வேறொன்றை எடுத்துவிட்டாள்.

"நல்லாவுல தண்ணி நல்லா வரல, கைக்கு கைக்கு கைக்கு?"

எங்கள் ஊரில் குழாய்க்கு நல்லா என்று பெயர். கைக்கு என்றால் ஏன். வாளியோடு குழாயடியில் நிற்கும்போது நானும் அவளும் மாற்றி மாற்றிக் கட்டிய பாட்டு. அதை நான் பாட்டு என்று கணக்கில் எடுத்ததே இல்லை. கேசட்டில் இரண்டு வரி போன பிறகுதான் என் கிடார் சேர்ந்துகொள்கிறது, அதுவும் வேண்டாவெறுப்பாக. அதற்குள் முழுக் கூட்டமும் கைக்கு கைக்கு என்று கத்துகிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை அல்லவா.

"வீடு வர்ற வரைக்கும் நீ எங்கிட்ட பேசல, ஞாபகம் இருக்காக்கா?" என்றாள் தங்கை.

"என் கச்சேரியக் கெடுத்துட்டன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப மூணாவது சரணம் சரியில்லன்னு நெனைக்கேன். எதுகைக்காக இழுத்திருக்கோம்."

உண்மையாகவே அது மோசம்தான். ஆனால் அந்தப் பாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். வாளி இருக்கிறது, முந்திக்கொண்டு வரும் ஆன்ட்டி இருக்கிறாள். மற்றதில் எல்லாம் கண்ணீர் மட்டும்தான்.

அழுத பெண்ணை முழுதாக ஒதுக்கவும் மனம் வரவில்லை. சாவுப் பாட்டில் ஓரிடத்தில், மெட்டு கீழே இறங்கும் என்று எதிர்பார்க்கும்போது சட்டென்று மேலே ஏறி, கொஞ்சம் நின்று, பிறகு இறங்குகிறது. ரேடியோவிலோ கோயிலிலோ கேட்டதல்ல, நானாகக் கண்டுபிடித்தது. மகள் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.

"திஸ் பார்ட் பாகுந்தி மம்மி," என்றாள். நன்றாக இருக்கிறதாம்.

பாராட்டு தெலுங்கில் வந்தால் என்ன, வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லி ஊற்றும்போது அந்த மெட்டு வாயில் வந்தது. பழைய வார்த்தைகளை விட்டுவிட்டு வெறுமனே முனகினேன். புது வார்த்தை போட வேண்டும் என்று தோன்றவில்லை. மெட்டு தனியாகவே நன்றாக இருந்தது.