செவ்வரத்தை தின்ற இகுவானா

பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில், ஒரு விலங்கு மருத்துவமனையில் கூடுகள் கழுவுவது என் வேலை. போன தை மாதம், விமான நிலையத்தில் பிடிபட்ட, உடும்பு போன்ற மூன்று இகுவானாக்களை அதிகாரிகள் எங்களிடம் கொண்டுவந்தார்கள். யாரோ சொக்ஸுக்குள் திணித்துக் கடத்தியிருந்தார்கள். கரீபியன் கடலில், டேர்க்ஸ் கைக்கோஸ் என்ற சின்னத் தீவுக் கூட்டத்துக்கு மட்டுமே உரிய இனம், அங்கேயும் அருகி வருகிறது என்று டொக்டர் அம்மா சொன்னார்.

அவற்றில் இரண்டு ஒரே கிழமையில் கீரை தின்னத் தொடங்கின. மூன்றாவது, பெண் இகுவானா. வாயே திறக்கவில்லை. குழாயால் ஊட்டும்போது நான்தான் பிடித்துக்கொள்வேன். விலா எலும்புகள் விரலில் தட்டுப்படும்.

"அதன் ஊரில் இபிஸ்கஸ் தின்னும். இந்தப் பனிக்குள், மருந்தடிக்காத செடிக்கு எங்கே போவது?" என்றார் டொக்டர், பிரெஞ்சில். இபிஸ்கஸ் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கைபேசியில் ஒரு சிவப்புப் பூவின் படம் காட்டினார். செவ்வரத்தை!

அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டுக் குசினி யன்னலோரம் என் கணவர் சாடியில் அதைத்தான் வளர்த்தார். மாரியில் பூப்பதே அருமை. பூத்தால் பிள்ளையாருக்கு. அன்றிரவு அவரிடம் ஒரு பூக் கேட்டேன்.

"சாமிக்கு வைக்கிற பூவைப் பல்லிக்கோ குடுக்கப்போறீர்?"

"அது சாகப்போகுது," என்றேன்.

காலையில் என் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேல் ஒரு பூ இருந்தது. கொண்டுபோய்ச் சேர்வதற்குள் வாடிவிட்டது. இகுவானா திரும்பியும் பார்க்கவில்லை.

"பிடுங்கினா வாடத்தானே செய்யும்," என்றார் அவர், நான் வீடு வந்ததும். "செடியோட கொண்டுபோய் வைச்சுப் பாப்பம்."

தன் லீவு நாளில், குளிருக்குப் போடும் ஜாக்கெட்டைச் செடிக்குச் சுற்றி, தான் இரண்டு ஸ்வெட்டரோடு என்னுடன் மெட்ரோவில் வந்தார். டொக்டர் இலைகளைக் கழுவி, சாடியை விளக்கின் கீழ் வைத்தார். மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இகுவானாவின் ஒரு கண் திறந்தது. மெல்ல ஊர்ந்து வந்து, முன்னங்காலைச் சாடி விளிம்பில் வைத்து, ஒரு மொட்டைக் கடித்தது.

"தின்னுது, தின்னுது!" அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். டொக்டர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

மூன்று கிழமையில் செடி வெறும் குச்சியானது. இகுவானாவுக்குச் சதை பிடித்து, வாலும் தடித்தது.

கோடையில் மூன்றையும் விமானத்தில் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த வீடியோவில், மணலில் பெட்டியைத் திறந்ததும் இரண்டு ஓடிவிட்டன. எங்களுடையது தலையைத் தூக்கி வெயிலில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அவசரப்படாமல், ஆறுதலாக ஒரு செடிப் பற்றைக்குள் போனது. அடுத்த வருடம் முட்டையிடும் வயது அதற்கு என்று டொக்டர் எழுதியிருந்தார்.

"வீடியோவை இன்னொருக்காப் போடும், பாப்பம்," என்றார் என் கணவர்.