முள் பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை, தின்னத்தான் ஆளில்லை. என் கணவர் திருவொற்றியூரில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். விடியுமுன் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்கெல்லாம் கரை சேர்ந்துவிடுவார். பெரிய மீன் ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக் குழம்புக்கு வருவது மத்தி, சங்கரா மாதிரி முள் மீன்தான். எங்கள் ஆட்களுக்கு அதில் குறையே கிடையாது. முள் இல்லாத மீனெல்லாம் ஊருக்கு விற்கிற சரக்கு, முள்ளில்தான் ருசி என்பார்கள்.

அந்த வீட்டில் பிறந்த என் ஒன்பது வயது மகள் மீனைத் தொடமாட்டாள். தயிர்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும் அவளுக்கு. ஐந்து வயதுத் தம்பிக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது. அக்கா தட்டைத் தள்ளினால் அவனும் தள்ளுவான்.

பள்ளியில் பரிசோதனை செய்த நர்ஸம்மா, இவளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, மாத்திரையோடு மீனும் கீரையும் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கிறேன் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பயம் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் திட்டு விழுந்தது.

என் கணவருக்குக் கவலை வேறு. "போட்டுக்காரன் வூட்டுப் புள்ள மீன் துன்னாதுன்னு தெரிஞ்சா எனக்கு இன்னா மரியாதை கீது?"

"மொதல்ல அது ஒடம்புல ரத்தம் கீதான்னு பாரு. மரியாதைய அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் சங்கராவை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து உதிர்த்தேன். சின்ன வெங்காயம், மிளகு, வாசனையை மறைக்க இரண்டு மடங்கு பூண்டு, ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்து வதக்கித் தோசைக்குள் வைத்து மடித்தேன். உருளைக்கிழங்கு மசாலா என்று சாதித்தேன். மூன்று நாள் இருவரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் அவள் வாயில் ஒரு முள் அகப்பட்டது. அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"உருளைக்கெழங்குல முள்ளு இருக்குமாம்மா?"

அதன் பிறகு தோசையும் போயிற்று. இட்லியைக்கூடப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

"நம்ம புள்ளைக்கு முள்ளெடுக்கத் தெரியாதா இன்னா?" என்றார் அவர்.

தெரியாதுதான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. கடல்காரன் பிள்ளைக்கு அதெல்லாம் கூடவே பிறந்திருக்கும் என்று இருந்துவிட்டோம். மூன்று வயதில் ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியபோது, ஒரு உருண்டைச் சோற்றை விழுங்க வைத்துவிட்டு நாங்கள் மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அன்று சாயங்காலம் வெந்த மீனைத் தட்டோடு அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல முள்ளு கீது. நான் எடுத்தா நீ நம்ப மாட்டே. நீயே எடு. துன்னச் சொல்ல மாட்டேன்."

தம்பி செல்போன் டார்ச்சைப் பிடித்தான். அவள் ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்த்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று, முள்ளெல்லாம் வரிசையாகத் தட்டோரத்தில் கிடந்தன. அதை வதக்கித் தோசையில் வைத்துக் கொடுத்ததும் முதல் வாய் அவளாகவே எடுத்தாள். "அக்கா பாத்துட்டா" என்று தம்பியும் எடுத்தான்.

அதிலிருந்து எங்கள் ராத்திரிச் சாப்பாடு அதுதான். அவள் முள் எடுப்பாள், நான் கீரை சேர்த்து வதக்குவேன். கை பழகிவிட்டதால் இப்போது அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து நர்ஸம்மா, ரத்தம் ஏறியிருக்கிறது என்றார். செய்தி கேட்ட சந்தோஷத்தில் மறுநாள் அவர் ஏலத்துக்குப் போக வேண்டிய வஞ்சிரத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வறுத்து வைத்தேன். மகள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல ஒரே ஒரு முள்ளுதான் கீது. நான் இன்னா பண்றது நைனா?"

தனக்காக நான் எடுத்து வைத்திருந்த மத்திக் குழம்புத் தட்டை அவர் அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தா கண்ணு, நைனாவுக்குப் பாத்துக் குடு."

கண்ணை மூடிக்கொண்டு மத்தி தின்கிற மனுஷர், அவள் பார்த்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.